தலைகீழாக நின்ற எண்

கல்லூரி நூலகத்தில் அவளுக்கு நம்பரக்கா என்று பெயர். புத்தகத்தின் பெயரைச் சொன்னால் விழிப்பாள். எண்ணைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போய் எடுத்து வருவாள். முதுகில் எண் எழுதி ஒட்டுவதும் அடுக்குவதும் இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை.

நான்கு வருடங்களுக்கு முன் நோய்களைப் பற்றிய பழைய புத்தகமொன்று காணாமல் போனது. எண் 616. ‘சரியான இடத்தில்தான் வைத்தேன்’ என்று எழுதிக் கொடுத்தாள். அப்படியானால் வெளியேதான் போயிருக்க வேண்டும் என்று, வாசலில் பைகளைச் சோதித்தவரை அடித்தளத்துக்கு, பழைய செய்தித்தாள்களைக் கட்டி வைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அதன்பிறகு அவர் அவளோடு பேசவில்லை.

இந்த வருடம் வந்த நூலகர் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு விளையாட்டு வைத்தார். துப்பைப் படித்துப் புத்தகத்தைக் கண்டுபிடித்தால் அடுத்த துப்பு அதற்குள் இருக்கும். காணாமல் போன புத்தகத்துக்கு நூறு புள்ளி.

“அது தலைகீழா நின்னாலும் கிடைக்காது மேடம். வெளிய போயிடுச்சு.”

“சும்மா தேடட்டுமே. அலமாரியாவது பழகும்.”

பிற்பகலில் ஒரு மாணவி அலமாரிகளுக்கு நடுவிலிருந்து கூப்பிட்டாள்.

“அக்கா, 919ல ஒரு புக் தலைகீழா இருக்கு. பரீட்சைக்கு முந்தின நாள் நான் இருக்கற மாதிரி.”

“நிமிர்த்தி வைம்மா.”

“நிமிர்த்தினா 616னு ஆயிடுதே?”

அவள் போய்ப் பார்த்தாள். பைண்டு செய்த புத்தகம், முதுகில் பெயர் இல்லை. சீட்டில் அவள் கையெழுத்து. சரியாகத்தான் ஒட்டியிருக்கிறாள். பிறகு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி எண்ணை மட்டும் பார்த்து, 919 என்று இங்கே வைத்திருக்கிறாள்.

மாணவர்கள் கைதட்டினார்கள். நூலகர் பதிவேட்டை நீட்டினார்.

“கிடைத்ததுன்னு எழுதுங்க, போதும். பழசை எதுக்குக் கிளறணும்?”

எழுதினாள். அதன் கீழே, ‘தவறாக வைத்தவள் நான்’ என்றும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

அடித்தளத்தில் அவர் ஒரு கட்டின்மேல் முழங்காலை ஊன்றிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அந்தப் புத்தகம் உள்ளேயேதான் இருந்திருக்கு. என் தப்பு. எழுதிக் கொடுத்துட்டேன்.”

அவர் நிமிரவில்லை.

“வாசல்ல இப்ப யாரு?”

“ஆள் இல்லண்ணே. மெஷின் வச்சுட்டாங்க.”

கயிறு தளர்ந்தது. மறுபடி இழுத்தார்.

“முடிச்சு நழுவுது. இங்க விரலை வை.”

வைத்தாள். அவர் இறுக்கினார். விரலை எப்போது எடுக்கலாம் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.