சாமான் கணக்கில் ஆயிரம் ரூபாய்

பவானிபூரில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு இரண்டு அறையும் ஒரு கிணறும் உண்டு. நான் அப்போது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. காளிகாட்டில் எட்டு வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டு, மனைவியின் நகைகளில் பாதியை விற்று, மூவாயிரம் ரூபாய்க்கு அந்த வீட்டைப் பேசி முடித்தோம். விற்றவர் வயதான வங்காளிப் பள்ளிக்கூட வாத்தியார். தன் மனைவி காலமானபிறகு காசிக்கே போய்விடத் தீர்மானித்திருந்தார்.

பத்திரம் எழுதும் முன் தரகர் என்னைத் தனியே அழைத்தார். அவர் நம் தமிழ்நாட்டுப் பக்கத்து மனிதர்தான்.

"பத்திரத்துல ரெண்டாயிரம்னு போடுங்க. மீதி ஆயிரத்தை வீட்டுச் சாமானுக்குக் கொடுத்ததா தனிச் சீட்டு எழுதிக்கலாம். முத்திரைத்தாள்ல பத்து ரூபா மிச்சம். ஊரெல்லாம் இப்படித்தான் சார்."

பத்து ரூபாய் என் சம்பளத்தில் கால் பங்கு. பெரிய சாமர்த்தியசாலிபோல வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏன்னா, அந்தாத்துல ஆயிரம் ரூபாய்க்கு என்ன சாமான் இருக்கு? ஒரு கட்டிலும், கால் ஒடிஞ்ச நாற்காலியும்தானே பார்த்தேன்?"

"பேருக்கு எழுதறதுதானேடி."

"நாளைக்கு சர்க்கார்ல வந்து கேட்டா அந்த நாற்காலியைக் காட்டுவேளா?"

மறுநாள் ஆபீஸ் முடிந்ததும் தெருக்கோடி வக்கீலிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார். எடுத்துப் போகக்கூடிய சாமான் நிஜமாகவே இருந்து, அதற்கு நியாயமான விலை கொடுத்தால் தனியாக எழுதலாம், அதில் தப்பில்லை. இல்லாத சாமானுக்கு விலை எழுதுவது சர்க்காரை ஏமாற்றுவது. வாங்குகிறவன், விற்கிறவன் இருவருமே குற்றவாளிகள்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியுடன் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். தனிச் சீட்டு வேண்டாம் என்பதை என் அரைகுறை வங்க மொழியில் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. அவர் எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, வங்காளிகள் 'ஐயா' என்பதற்குச் சொல்கிற 'மொஷாய்' போட்டுப் பேசினார்.

"மொஷாய், தரகர் எங்கிட்டயும் அதையே சொன்னார். உங்களுக்கு அதுதான் சௌகரியம்னு நெனச்சு நான் வாயைத் திறக்கல. முப்பது வருஷம் பிள்ளைங்களைப் பொய் சொல்லாதேன்னு அதட்டினவன், பொய்ச் சீட்டுல கையெழுத்துப் போட்டுட்டா காசிக்குப் போறது?"

இருவரும் சிரித்தோம். எனக்கு மட்டும் ஒரு சபலம் மிச்சமிருந்தது. "கட்டில் நிஜமான சாமான்தானே? அதுக்கு ஒரு விலை போடலாமே?" என்றேன்.

"கட்டிலை வெளியே எடுத்துப்போக முடிஞ்சா தாராளமா போடுங்க!" என்றார் அவர்.

நானும் அவரும் ஒருபக்கம் இழுக்க, என் மனைவி மறுபக்கம் தள்ள, கட்டில் அறை வாசலில் வசமாகச் சிக்கிக்கொண்டது. அவருடைய கல்யாணத்துக்கு அந்த அறைக்குள்ளேயே தச்சரை உட்காரவைத்துச் செய்த கட்டிலாம். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஜன்னலில் கூடிச் சிரித்தார்கள். வாத்தியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது போகாது மொஷாய். வீட்டோட சேர்த்து வச்சுக்குங்க. இதுக்கு விலை கிடையாது."

பத்திரத்தில் மூவாயிரமும் முழுதாக ஏறியது. ரிஜிஸ்தர் ஆபீசில் தொகையை உரக்கப் படித்தபோது தரகர் மட்டும் கூரையைப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெந்த வரியும் கட்டியதில்லை.

அன்று சாயங்காலமே அந்த வீட்டில் பால் காய்ச்சினோம். முதல் டம்ளரை என் மனைவி வாத்தியாரிடம் கொடுத்தாள். அவர் கிணற்றடியில் உட்கார்ந்து குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா மா?" என்று கேட்டார்.