புள்ளிக்கோழி இடம்பெயர்ந்த நாள்

எங்கள் வீட்டைக் காலி செய்ய ராணுவம் வந்தது என்று வகுப்பில் நான் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அது முழுப் பொய் அல்ல. வந்தவர் ஒரே ஒருவர், அவரும் ஓய்வு பெற்றவர். என் அம்மாவின் அண்ணன். வேலூர்ப் பக்கத்திலிருந்து விசிட்டர் விசாவில் எங்களைப் பார்க்க வந்திருந்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில் ஒரு மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் அதை விற்றுவிட, அதே நகரின் இன்னொரு பக்கம், ஹென்டர்சனில், எங்களுக்கு வேறு வீடு கிடைத்திருந்தது. விருந்தாளியை வைத்துக்கொண்டு சாமான் கட்டுவதா என்று அப்பா சங்கடப்பட்டார். மாமாவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. வந்த நாள் முதல் சோபாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு ஒருவழியாக வேலை கிடைத்துவிட்டது.

மாமா இந்தியாவின் மேற்கு எல்லையில் இருந்தவர். இரண்டு நாட்டுப் படைகளும் மாதக்கணக்கில் எதிரெதிரே நின்ற ஒரு காலம் உண்டு. போர் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் வராமலே போன காலம். அப்போது எல்லையோரக் கிராமங்களைக் காலி செய்யும் வேலையில் மாமாவின் பிரிவும் இருந்ததாம். மத்தியானம் ஊர்த் தலைவரிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஊரே டிராக்டர்களில் ஏறியிருக்கும். கயிற்றுக் கட்டில், ரஜாய்ப் போர்வை, தகரப் பெட்டி, மாவு மூட்டை, அதற்கு மேல் கிழவர்கள், அவர்கள் மடியில் குழந்தைகள். இதையெல்லாம் மாமா சாப்பிடும்போது சொல்வார். எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் தங்கள் கல்யாணத்தைப் பற்றிக்கூட அவ்வளவு பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அதிலிருந்த ஒழுங்கு. எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் அப்போதே எனக்கு இருந்தது. இப்போது அதே நகரில், ஆல்பனியில் ஒரு நிறுவனத்தில் கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். எந்தப் பெட்டி எந்த வண்டியில் எதற்கு முன்னால் ஏற வேண்டும் என்பதுதான் என் பிழைப்பு. அன்று சமையலறைக்குச் சிவப்பு, படுக்கையறைக்கு நீலம் என்று பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டினேன். மாமா அதைப் பார்த்துவிட்டு என்னைத் துணைத் தளபதி ஆக்கினார். தம்பி வெறும் சிப்பாய். "நாட் ஃபேர்" என்று அவன் கத்தியதை மாமா உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓட வைத்தார். அதுவும் அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

தளபதிக்கும் துணைத் தளபதிக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போகவில்லை. அது புள்ளி.

புள்ளி ஒரு கோழி. எங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவர்கள் விட்டுவிட்டுப் போனது. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். காலையில் தீனி வைப்பதும் மாலையில் கூண்டைச் சாத்துவதும் என் பொறுப்பு. புது வீட்டுக்காரர் கோழிக்குச் சம்மதிக்க மாட்டார் என்று அம்மா நினைத்தார். அவரைக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் மாமாவிடம் முறையிட்டேன்.

"வண்டி ஜனங்களுக்குப் பாப்பா. ஆடு மாடு கோழியெல்லாம் ஏத்த ஆரம்பிச்சா ஜனங்க நடந்துதான் போகணும். அது ரூல்" என்றார்.

"எங்ககிட்ட கார் இருக்கே மாமா."

"ரூல்னா ரூல்."

பக்கத்து யூனிட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி இருந்தார். அம்மா வேலை பார்த்த முதியோர் இல்லத்திலேயே வேலை பார்த்தவர். சண்டைக் காலத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் படகில் கடல் கடந்து இந்தியா போய், அங்கே முகாமில் இருந்து, பிறகு இங்கே வந்தவர். எங்கள் வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டுக்கு எத்தனை அறை என்று தெரிவதைப் போலத் தெரியும், அவ்வளவுதான். நான் கூண்டருகே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததை அவர்தான் வேலிக்கு மேலாக முதலில் பார்த்தார்.

"அழாதை பிள்ளை. போகேக்க கூட்டைத் திறந்து விட்டால் சரி. பூட்டி வச்சால்தான் பட்டினி கிடக்கும். நாங்கள் வெளிக்கிடேக்கயும் ஆடு, மாடு, கோழி எல்லாத்தையும் அவிட்டு விட்டுட்டுத்தான் வந்தனாங்கள். அதுகள் எப்பிடியும் பிழைச்சுக்கொள்ளும்."

எனக்கு அது நியாயமான ஏற்பாடாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஸ்டிக்கர் ஒட்டப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை அப்பா வாடகை டிரக்கை ஓட்டிக்கொண்டு வந்தார். சாயங்காலத்துக்குள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாமா கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, விசிலோடு நின்றார்.

"அண்ணா, டீயக் குடிச்சிட்டுப் படையெடுக்கலாமே" என்றார் அம்மா.

"டீயெல்லாம் அந்தப் பக்கம் போய்" என்று சொல்லி, மாமா கெட்டிலைப் பிடுங்கிச் சிவப்புப் பெட்டியில் போட்டு, பெட்டியை டிரக்கின் உள்மூலைக்கு அனுப்பினார்.

உதவிக்கு வந்திருந்த அன்ரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அண்ணை, கேத்திலை ஆர் முதல்ல ஏத்துறது? அது கடைசியா ஏற வேணும். போய் இறங்கின உடன தேத்தண்ணிதான் வைக்க வேணும். பிறகுதான் மற்றதெல்லாம்."

"பாரம்தாம்மா முதல்ல. நான் எத்தனை ஊரைக் காலி பண்ணியிருக்கேன் தெரியுமா?"

"நான் எத்தனை தரம் காலி பண்ணினனான் எண்டு கேளுங்கோ முதல்ல."

மாமா வாயிலிருந்த விசிலை எடுத்தார். பிறகு டிரக்குக்குள் ஏறி, சோபாவையும் மெத்தையையும் தாண்டிப் போய், அந்தப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, கெட்டிலை வெளியே எடுத்து அன்ரியின் கையில் கொடுத்தார். அம்மா சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டு நாய் குரைத்தது. அதற்குப் பிறகு டிரக்கில் சாமான் இரண்டு பேர் ஆணையில் ஏறியது. பாரமான சாமான் எல்லாம் மாமா சொன்னபடி. அரிசி, சட்டி, போர்வை, துவாய் எல்லாம் அன்ரி சொன்னபடி. இடையிடையே, "இது ஆர் இங்க வச்சது?" "நான்தாம்மா, எடுத்துடறேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு டிரக்கில் சாமான் ஏற்றுவதைப் பற்றி இவர்களுக்கு எப்படி இவ்வளவு தெரிந்திருக்கிறது என்று நான் வியந்தேன். அவர்கள் பேசிக்கொண்டது முழுக்க டிரக்கைப் பற்றித்தான் என்று நம்பினேன்.

எல்லாம் ஏறி முடிந்தது. அப்பா ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். அன்ரி சொன்னபடியே பின்பக்கம் போய்க் கூண்டைத் திறந்து விட்டு வந்தார். நான் புள்ளிக்குக் கையசைத்தேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் புல்லைக் கிளறிக்கொண்டே போனது.

மாமாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கிளம்பும் முன் கடைசியாக ஒருமுறை தனியாக வீட்டைச் சுற்றி வருவார். யாராவது தங்கிவிட்டார்களா என்று பார்ப்பதாம். அப்படிப் போனவர் திரும்பி வரவில்லை. நானும் தம்பியும் தேடிப் போனோம்.

மாமா கூண்டின் முன் நின்றிருந்தார்.

"யார் திறந்தது?"

"அன்ரிதான். அது பிழைச்சுக்கும் மாமா" என்றேன் நான், ஆறுதலாக.

எங்கள் கொல்லைக்குப் பின்னால் எரிமலைக்கல் வெட்டியெடுத்த பெரிய பள்ளம் இருந்தது. அதற்கு முன் கம்பி வேலி, அதில் அபாயம் என்று ஒரு மஞ்சள் பலகை. வேலிக்கு அந்தப் பக்கம் முழங்கால் உயரப் புல். அதற்கு நடுவே, பள்ளத்தின் விளிம்பை நோக்கி, புள்ளி சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது. தம்பி வேலியின் சந்தில் நுழையப் போனான்.

"நில்லு!"

மாமா அப்படிக் கத்தி நாங்கள் கேட்டதில்லை. விளையாட்டு உத்தரவு கொடுக்கும் குரல் அல்ல அது. தம்பி ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டான். அவனை இடுப்பில் பிடித்து இழுத்து என் பக்கத்தில் நிறுத்திவிட்டு, மாமா தானே வேலிக்குள் புகுந்தார்.

பிறகு அவர் நடந்த விதம் இருக்கிறதே, அதை நாங்கள் பல மாதம் நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறோம். எதிரே புல்லைக் கையால் மெதுவாக விலக்கிப் பார்ப்பார். ஒரு காலைத் தூக்குவார். பார்த்து வைத்த இடத்தில் அதை வைப்பார். அப்புறம் அடுத்த கால். பள்ளம் இன்னும் எவ்வளவோ தள்ளி இருந்தது. அவர் பார்த்தது பள்ளத்தை அல்ல, தன் காலடியை. ஒரு கோழியைப் பிடிக்க இப்படி நாரை மாதிரி நடப்பதா என்று தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போதும், புள்ளியை மார்போடு அணைத்துக்கொண்டு, போன அதே தடத்தில் கால் வைத்து வந்தார்.

சத்தம் கேட்டு அன்ரி ஓடி வந்திருந்தார். "என்ன அண்ணை, அது தன்பாட்டில போயிருக்குமே."

"போகும்மா" என்றார் மாமா. "போயிட்டே இருக்கும். அதான்."

அன்ரி அவர் முகத்தைப் பார்த்தார். வீட்டுக்குள் போய்த் தன் துணிக்கூடையைக் கொண்டு வந்து, கோழியை அதில் வைத்து, மேலே ஒரு துவாயைப் போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

ரூல் என்ன ஆயிற்று என்று யாரும் மாமாவிடம் கேட்கவில்லை. அம்மா காரில் ஏறுவதற்குள் புது வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். அவர் நோ வொரீஸ் என்றாராம். அவ்வளவுதான், அத்தனை நாள் அழுகைக்கும் அதுதான் விடை. டிரக்கில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவே எனக்கு இடம் கிடைத்தது. கூடை மாமாவின் மடியில் இருந்தது. அது வழியெல்லாம் நடுங்கிக்கொண்டே வந்தது. பாவம், கோழி பயந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கையை உள்ளே விட்டுப் பார்த்தால் புள்ளி கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது.

ஹென்டர்சனில் முதலில் இறங்கியது கெட்டில்தான். பெட்டிகளின் மேல் உட்கார்ந்து எல்லோரும் டீ குடித்தோம். காரில் அம்மாவோடும் தம்பியோடும் வந்திருந்த அன்ரிக்கு மாமா தன் கையாலேயே போட்டுக் கொடுத்தார். அதைவிட நல்ல சாயங்காலம் அந்த வீட்டில் பிறகு வரவில்லை என்று அம்மா இன்றும் சொல்வார்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு விடுமுறையில் வேலூரில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். நாரை நடையை அத்தைக்கு நடித்துக் காட்டினேன். அத்தை சிரிக்கவில்லை. மாமா வேலை பார்த்த பிரிவு ஊர்களைக் காலி செய்ததோடு நிற்கவில்லை என்றும், ஜனங்கள் போன பிறகு அந்த வயல்களில் கண்ணிவெடி புதைத்ததும் அவர்கள்தான் என்றும் சொன்னார். போனவர்கள் எருமைகளையும் கோழிகளையும் பட்டினி கிடந்து சாகக் கூடாது என்று அவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவை மேய்ந்து மேய்ந்து அந்த வயல்களுக்குள் வந்தன. கூடாரத்தில் படுத்திருப்பவர்களுக்குச் சத்தம் கேட்கும். எழுந்து போய் எதையும் செய்ய முடியாது.

புள்ளி ஹென்டர்சனில் நெடுநாள் வாழ்ந்தது. மாமா ஊருக்குத் திரும்பிய பின் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். என் படிப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன் கோழியைப் பற்றிக் கேட்பார். எனக்கு அதில் அப்போது கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

"கூண்டு சாத்தியிருக்கா பாப்பா?"

இந்த நாட்டில் நரி கிடையாது, பாம்பு கிடையாது, வெளியே திரிந்தாலும் கோழிக்கு ஒன்றும் ஆகாது என்று நான் ஒவ்வொரு முறையும் அவருக்குப் பொறுமையாக விளக்குவேன். அவரும் ஒவ்வொரு முறையும் முழுக்கக் கேட்டுக்கொள்வார்.

"சரி பாப்பா" என்பார். "சாத்தியிருக்கில்ல?"