படுத்துப் பார்க்க ஒரு தூரம்

கத்தியின் முனை தாளுக்குள் இறங்கி, கிளை பிரியும் இடத்தில் நின்றது. இடது கை தாளைத் திருப்பியது, கத்தி அசையவில்லை. துண்டு உதிர்ந்ததும் சாண் உயரத்தில் ஒரு ரப்பர் மரம் எழுந்தது. அதன் பின்னால் நிற்க வேண்டியது நான்கு விரல் உயரம். எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்பது கட்டைவிரல் நக அளவு.

செடெனாக் ரப்பர் தோட்டத்தில் ஐயாசாமி விடிகாலையில் பால் வடிய மரப்பட்டை வெட்டுவார். மத்தியானத்துக்கு மேல் காகிதம் வெட்டுவார். திருவிழா சப்பரத்துக்குப் பூவும் கிளியும் அவர் கையால்தான். யாரும் சொல்லித் தரவில்லை. பழைய சப்பரத்தில் கிழிந்து தொங்கிய தாள்களைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

இது சப்பர வேலை அல்ல. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அம்பிகைபாகனின் மனைவி சத்தியபாமாவுக்கு ஐந்தாம் மாதம். முன்னே இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. பிரசவம்வரை கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று தோட்டத்து ஆசுபத்திரி டிரெசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அறைக்கு ஒரே சன்னல்; அதற்கு எதிரே ரப்பர் தாள் உலர்த்தும் புகைவீட்டுச் சுவர்.

"கேக்கிறாளில்லை, ஐயாசாமி," என்றார் கிராணி. "எழும்பி எழும்பி வாசலுக்குப் போறாள். தூரமா எதையாவது பாக்கவேணுமாம். நான் என்ன செய்யிறது?"

"சன்னல் அளவு குடுங்க, கிராணி ஐயா."

சன்னலில் பொருந்தும் பலகைப் பெட்டி செய்தார். உள்ளே ஒன்றன் பின் ஒன்றாக ஐந்து வரிசை மரங்கள். முதல் வரிசைக்கு முன்னும், வரிசைகளுக்கு இடையிலும் பழைய கொசுவலைத் துணி. பின்புறம் எண்ணெய் தடவிய தாள். பகல் வெளிச்சம் அதன் வழியே கசிந்தது. கிட்டத்து மரம் கறுப்பு, அடுத்தது சாம்பல், அதற்கடுத்தது பனிக்குள் பனி. தினமும் விடியலில் வாளியோடு அவர் நடந்து போகும் வழிதான் அது.

கொடுத்தனுப்பிய மறுநாளே, கிராணி வீட்டில் சமைக்கும் கருப்பாயி பெட்டியைத் திரும்பத் தூக்கி வந்தாள்.

"மரமெல்லாம் மேல விழுற மாதிரி இருக்காம்ணே. தூரத்துல ஒண்ணுமே தெரியலையாம். நேத்தும் ரெண்டு தடவ எந்திரிச்சிட்டாங்க."

"நான் பாத்தப்ப சரியாத்தானே இருந்துச்சு?"

"நீங்க நின்னுக்கிட்டுப் பாப்பீங்க. அவங்க கட்டில்ல கொசுவலைக்குள்ள படுத்துக்கிட்டுல்ல பாக்குறாங்க!"

ஐயாசாமிக்குச் சுருக்கென்றது. பெட்டியைத் தன் சன்னலில் ஏற்றிவிட்டுத் தரையில் நீட்டிப் படுத்தார்.

"என்னாண்ணே, பட்டப்பகல்லயே கள்ளா?"

"சும்மா இரு தங்கச்சி. தலமாடு எந்தப் பக்கம், அதச் சொல்லு."

கீழிருந்து பார்த்தால் முன்வரிசையின் அடியிலிருந்த காகித மண் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மறைத்தது. ஒரு வலைத் துண்டை முகத்துக்கு மேல் பிடித்தார். மிச்சமிருந்த மரங்களும் கரைந்து போயின. வெகுநேரம் அப்படியே கிடந்தார். சத்தியபாமாவின் கட்டிலைச் சுற்றித் தொங்கும் வலையே முதல் பனி. பெட்டியின் முதல் வலை வேண்டியதே இல்லை.

ஐந்து மத்தியானங்கள் போயின. முன்வலையைக் கழற்றினார். முன்வரிசையின் உச்சிக் கிளைகளைக் குறைத்தார். ஒவ்வொரு வரிசையையும் முந்தியதைவிட அரை விரல் உயர்த்தி, நிலம் பின்னால் மெல்ல ஏறிப் போவதுபோல் நிறுத்தினார். நூல் கனம் பிசகினாலும் மறுபடி படுத்துப் பார்த்தார். கடைசியில் தரையில் கிடந்தபடியே அந்த மரங்களுக்கு நடுவே நடந்து போனார். போய்க்கொண்டே இருக்கலாம்போல் இருந்தது.

இம்முறை பெட்டியைத் தாமே சுமந்து போனார். சத்தியபாமா நிலையைப் பிடித்தபடி வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் கையைப் பிசைந்தபடி கிராணி.

"இப்பிடித் தாங்கோ ஐயாசாமி, இதிலேயே பாக்கிறன்."

ஐயாசாமி பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நின்னு பாத்தா ஒண்ணுமே தெரியாதும்மா. படுத்தாத்தான் தெரியும்."

"அதென்ன அப்பிடி ஒரு படம்?"

"அப்படித்தான் செஞ்சிருக்கேன். படுங்க, தர்றேன்."

அவள் அவரைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டு உள்ளே போனாள். கட்டில் கிரீச்சிட்டது. வலை இறங்கும் சரசரப்பு கேட்டது.

"படுத்திட்டன்!" என்று குரல் வந்தது.

ஐயாசாமி பெட்டியைக் கிராணியின் கைகளில் வைத்தார்.