துப்பாக்கிக்கு நடுத்தட்டு

மூன்றாவது கரடிப் பொம்மையைக் கொடுக்கும்போதுதான் கடைக்காரர் என்னை ஒழுங்காக நிமிர்ந்து பார்த்தார். கோல சிலாங்கூரில் எங்கள் மாதா கோவில் திருவிழா. வெளித்திடலில் பலூன் சுடும் கடை. தக்கை அடைத்துச் சுடுகிற கைத்துப்பாக்கி அது. முதல் மூன்று தக்கைகளும் பலூனுக்கு இடப்பக்கம் இரண்டு விரற்கடை தள்ளிப் போயின. நான்காவதிலிருந்து நான் வலப்பக்கம் இரண்டு விரற்கடை தள்ளிக் குறிவைத்தேன். அவ்வளவுதான் சூட்சுமம். அதன்பிறகு பலூன்கள் வரிசையாக வெடித்தன.

"தங்கச்சி, போதும் லா. மத்த பிள்ளைங்களுக்கும் பொம்ம வேணும்ல."

"துப்பாக்கி வளஞ்சிருக்கு அண்ணே. நேராக்குங்க, நான் போயிடறேன்."

"நேராக்கினா நான்தான் போவணும்" என்றார் அவர்.

மூன்று கரடிகளையும் அணைத்துக்கொண்டு நடந்தபோது தோன்றியதுதான் இத்தனைக்கும் காரணம். வளைந்த துப்பாக்கியிலேயே இப்படியென்றால், நேரான துப்பாக்கியில் எப்படி இருக்கும்?

எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் உட்கார முடியாது. வேதியியல் படித்துவிட்டு, செம்பனை ஆலையின் ஆய்வகத்தில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் சோதிக்கிற வேலை எனக்கு. பொறுமை எல்லாம் எட்டு மணி நேரத்தில் அங்கேயே தீர்ந்துவிடும். அந்த வாரமே போனில் தேடி, ஒரு மணி நேரக் கார் தூரத்தில் இருக்கும் சுடும் கிளப் ஒன்றில் சேர்ந்தேன்.

முதல் நாள் சுடவே விடவில்லை. குழல் எப்போதும் இலக்கைப் பார்த்தே இருக்க வேண்டும், சுடுவது என்று முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும், முன்னால் ஆள் நின்றால் மேசையிலிருக்கும் துப்பாக்கியைத் தொடவே கூடாது. இதையே காலை முழுக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தும் என் தலையில் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் அப்பா தண்ணீர்க் குழாயைப் பிடித்து லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, முனைய ஆளு மேல காட்டக் கூடாது" என்றேன்.

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, நிதானமாகக் குறிவைத்து, என்னைத் தலையிலிருந்து கால்வரை நனைத்தார்.

சுட ஆரம்பித்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. நான் இடதுகைக்காரி. போட்டித் துப்பாக்கியின் பிடி மரத்தில் செதுக்கியது. உள்ளங்கையின் மேடுபள்ளம், விரல் பதியும் இடம் எல்லாம் வலது கைக்கென்றே அளவெடுத்துச் செய்திருப்பார்கள். கிளப்பில் இருந்த எல்லாத் துப்பாக்கியும் அப்படித்தான். இடது கையில் பிடித்தால் அடுத்தவர் செருப்பைக் கால் மாற்றிப் போட்ட மாதிரி இருந்தது. வலது கையால் சுட்டால் குண்டு இலக்குத் தாளுக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கிப் போனது.

வருடக் கடைசியில் கிளப் அணிக்கு ஆள் எடுப்பார்கள். எனக்கு அதில் இடம் வேண்டும். கிளப் செயலாளர், கத்தரித்தாற்போலப் பேசும் சீனப் பெண்மணி, ஒரே வழிதான் சொன்னார். இடதுகைப் பிடியோடு சொந்தத் துப்பாக்கி வாங்கு. அதற்கு முன்னால் லைசென்ஸ் எடு.

நம் நாட்டில் துப்பாக்கி என்பது விளையாட்டல்ல. விளையாட்டுத் துப்பாக்கியும் விளையாட்டல்ல. போலீசுக்கு மனு, ஐசி அடையாள அட்டை நகல், படம், வேலைக் கடிதம், இவள் ஒழுங்காகச் சுடுகிறாள் என்று கிளப் கடிதம். 'காரணம்' என்ற கட்டத்தில் நான் பலூனில் ஆரம்பித்து அரைப் பக்கம் எழுதியிருந்தேன். செயலாளர் அதை வாசித்து, சிரிக்காமல் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'இலக்குச் சுடும் போட்டி' என்று மட்டும் எழுதினார். பிறகு போலீஸ் பாலாயிலிருந்து ஆள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள் என்றார். துப்பாக்கி வைக்கச் சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டி வேண்டும். அதன் சாவி லைசென்ஸ்காரரிடம் மட்டும்தான் இருக்க வேண்டும்.

பெட்டியை நான் பழைய இரும்புக் கடையில் பிடித்தேன். பச்சைப் பெயிண்ட், பித்தளைக் கைப்பிடி, கனமென்றால் அப்படியொரு கனம். நாலு பேர் சேர்ந்து லோரியிலிருந்து இறக்கியபோது எங்கள் வரிசை வீடுகள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. பக்கத்து வீட்டு ஆன்டிதான் முதலில் கண்டுபிடித்தார்.

"அட, இது நம்ம கிராணி பெட்டி."

உண்மைதான். எங்கள் பழைய தோட்டத்தை மூடியபோது, கணக்குப்பிள்ளை கிராணியின் ஆபீஸ் சாமான்களை எடைக்குப் போட்டிருக்கிறார்கள். எங்கள் தாமான் குடியிருப்பில் முக்கால்வாசிப் பேர் அந்தத் தோட்டத்து லயங்களிலிருந்து வந்தவர்கள். சம்பள நாளில் இந்தப் பெட்டிக்கு எதிரே வரிசை பிடித்து நின்றவர்கள். ஆன்டி அதைச் சுற்றி வந்து, கதவை உள்ளங்கையால் ரெண்டு தட்டுத் தட்டினார்.

"இதத் தொட்டுப் பாக்க எனக்கு இத்தன வருஷம் ஆயிருக்கு. அப்பல்லாம் கிட்ட போனா கிராணி மொறப்பான்."

அப்பா என் அறைச் சுவரில் நாலு போல்ட் அடித்துப் பெட்டியை நிறுத்தினார். பெட்டிக்கு இரண்டு சாவிகள். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். இன்னொன்றை 'நீ தொலச்சிருவ' என்று அம்மா எடுத்துக்கொண்டார். நான் ஏன் அப்போதே சண்டை போடவில்லை? துப்பாக்கிதான் இன்னும் வரவில்லையே, வெறும் பெட்டிதானே என்று நினைத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

வெறும் பெட்டி என்பதை அம்மாவால் தாங்க முடியவில்லை. முதலில் அக்காவின் கல்யாண நகை உள்ளே போனது. அப்புறம் வீட்டுப் பத்திரம், எங்கள் ஞானஸ்நானச் சான்றிதழ்கள், ஒரு போத்தல் தீர்த்தம். கதவின் உட்பக்கத்தில் குருத்தோலைச் சிலுவையை ஒட்டினார். ஜூலையில் பக்கத்து வீட்டு ஆன்டி குடும்பத்தோடு புக்கிட் மெர்தாஜாம் திருவிழாவுக்குப் போனார். போகும்போது காப்பையும் சங்கிலியையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, 'கிராணி பெட்டியில வச்சிரு அக்கா' என்று அம்மாவிடம் கொடுத்தார். திருவிழா முடிந்து திரும்பி வந்தார். டின் திரும்பிப் போகவில்லை. அதைப் பார்த்து எதிர்வீட்டிலிருந்து ஒரு டின் வந்தது. கோடி வீட்டிலிருந்து ஓர் உறையோடு ஒரு டின் வந்தது. அப்புறம் இன்னும் இரண்டு. வங்கியில் லாக்கர் இருக்கிறது என்றேன்.

"பேங்க நாம பாத்ததில்ல. இந்தப் பெட்டியத்தான் பாத்திருக்கோம்" என்றார் ஆன்டி.

போலீஸ் சார்ஜன் சனிக்கிழமை காலை வருவதாகப் பாலாயிலிருந்து போன் வந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். 'எடுத்தாச்சு' என்றார். நான் திறந்து பார்க்கவில்லை. ஆய்வகத்தில் ஒரு சொட்டை மூன்று முறை சோதிக்கிறவள், வீட்டில் ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை.

வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மலாய்க்காரர். மலாயில்தான் பேசினார். வேலை, கிளப், எத்தனை நாளாகச் சுடுகிறேன், வீட்டில் யார் யார் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். நான் எழுந்து நின்று பதில் சொன்னேன். அவ்வளவு மரியாதையை என் பட்டமளிப்பு விழாவில்கூடக் காட்டியதில்லை. பிறகு, அக்கம்பக்கத்தில் ஒருவரை விசாரிக்க வேண்டும் என்றார். விசாரிக்கும் முன்பே பக்கத்து வீட்டு ஆன்டி வாசலில் நின்றார். நல்ல பிள்ளை, நல்ல குடும்பம் என்று மலாயில் சாட்சி சொன்னார். சொல்லிவிட்டு, அதே புன்னகையோடு அம்மா பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"அக்கா, என் காப்பு உள்ளதான இருக்கு? இந்தாளு எடுத்துட்டுப் போயிற மாட்டாரே?"

அம்மாவும் புன்னகை மாறாமல் சொன்னார். "சாவி என் இடுப்புல கெடக்கு. நீ சும்மா இரு. இவருக்கு என்னா தெரியும்."

சார்ஜன் எழுதுவதை நிறுத்தவில்லை. பேனா ஒரு வரியை முடித்தது. பிறகு நல்ல தோட்டத்துத் தமிழில் சொன்னார்.

"எடுக்க மாட்டேன் அக்கா. சாவி எங்க இருக்குன்னு கேக்கலாம்னு இருந்தேன், நீங்களே சொல்லிட்டீங்க."

கலும்பாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராம். ஆன்டி, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வீட்டுக்குப் போனார். அவர் வீட்டிலிருந்து எந்தத் தீய்ந்த வாசமும் வரவில்லை.

அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். மேல்தட்டில் பத்திரங்களும் தீர்த்தமும். கீழ்த்தட்டில் ஐந்து பிஸ்கட் டின்கள், ஒவ்வொன்றிலும் வீட்டு நம்பர். நடுத்தட்டு மட்டும் காலி. அதில் பின்னல் வேலை செய்த வெள்ளைத் துணி விரித்து, நாலு மூலையிலும் அந்துருண்டை வைத்திருந்தது.

"நடுத்தட்டு துப்பாக்கிக்கு சார்" என்றார் அம்மா. "தொடச்சு வச்சிருக்கேன். பூச்சி வராது."

சார்ஜன் சிரிக்கக் கூடாது என்று பாடுபட்டார். குருத்தோலைச் சிலுவையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினார்.

"அக்கா, இந்த அஞ்சு வீட்டுக்காரங்களும் டின்ன எடுக்க வருவாங்கதான?"

"வருவாங்க. கல்யாணம், சாவு, திருவிழா."

"அப்ப அஞ்சு வீட்டு முன்னாலயும் துப்பாக்கிப் பெட்டி தொறக்கும். நாளைக்கு உள்ள ஒரு சாமான் கொறஞ்சா, நான் யாரப் போயி கேப்பேன்? லைசென்ஸ் இந்தப் பிள்ள பேர்ல. பதில் சொல்ல வேண்டியது இந்தப் பிள்ளதான்."

அவர் சொன்னது நியாயம். கிளப்பில் முதல் நாள் எனக்குச் சொன்னதன் சாரமும் அதேதான்: துப்பாக்கி யார் கையில் என்பது ஒரு நொடிகூடச் சந்தேகமாக இருக்கக் கூடாது. அப்பாவின் தண்ணீர்க் குழாய்க்குத் துப்பாக்கி விதியைச் சொன்னவள், அம்மாவின் இடுப்புக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

பெட்டி தயாராக இல்லை என்று எழுதிக்கொண்டார். "சரி பண்ணிட்டு போன் பண்ணு. இன்னும் ஒரு தடவ வர்றேன். அதுக்கப்புறம் கேட்டு பிரயோஜனம் இல்ல." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அம்மாவிடம் கேட்டார். "இந்தப் பெட்டி ஆபீஸ்ல இருந்ததா? எங்க தோட்டத்திலயும் இதே பச்சதான்."

டின்களைத் திருப்பிக் கொடுக்க வீடு வீடாகப் போனேன். ஐந்து வீட்டிலும் காப்பி கிடைத்தது. டின்னை வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. ஆகவே கிராணி பெட்டி நடுக்கூடத்துக்கு மாறிவிட்டது. அது இனி அம்மாவுக்கும் தாமானுக்கும். என் அறைச் சுவரில் சின்னதாக ஒரு புதுப் பெட்டி. கடையில் பணம் கட்டும்போது அம்மா கூடவே நின்று கேட்ட ஒரே கேள்வி: "இதுக்கும் ரெண்டு சாவியா?"

சாவி இரண்டையும் நான்தான் வைத்திருக்கிறேன். வைத்திருந்தால் மட்டும் போதாது. அம்மாவின் கையில் சிக்காமலும் இருக்க வேண்டும். சார்ஜனுக்குப் போன் போடுமுன் நானே ஒரு சோதனை வைத்தேன். பெட்டிக்குள் ஒரு கரடிப் பொம்மையைப் பூட்டினேன். ஒரு வாரம் கரடி வெளியே வராமல் இருந்தால் நான் தயார். முதல் முறை என் பழைய வேதியியல் புத்தகத்தைக் குடைந்து சாவிகளை உள்ளே வைத்தேன். வேலை முடிந்து வந்தால் கரடி என் தலையணையில் உட்கார்ந்திருந்தது. "புஸ்தகத்துக்குத் தூசி தட்டினேன்" என்றார் அம்மா. அந்தப் புத்தகத்துக்கு நான் படித்த காலத்தில்கூட யாரும் தூசி தட்டியதில்லை.

இப்போது இரண்டாவது முயற்சி. சாவிகளை அந்தோனியார் பதக்கத்தோடு சேர்த்துக் கழுத்துச் சங்கிலியில் கோத்துவிட்டேன், குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. கரடி மூன்று நாளாக உள்ளே இருக்கிறது. நேற்று அம்மா, 'சங்கிலி கறுத்துப் போச்சு, கழட்டிக் குடு, புளி போட்டு வெளக்கித் தர்றேன்' என்றார். வேண்டாம் என்றேன். இன்று காலை மறுபடியும், இன்னும் அன்பாகக் கேட்டார். சனிக்கிழமைவரை தாங்கிவிட்டேன் என்றால் பாலாய்க்குப் போன் போட்டுவிடுவேன்.