தப்பாகக் கொடுத்த கடை

போன செவ்வாய்க்கிழமை காலை, பப்பாளி இலைத் தண்டுகள் சிலவற்றைக் கையில் பிடித்தபடி கிரேஸ் அம்மாள் வீட்டுக்குப் போகக் கல்மண்டபத்தில் டிராமுக்காக நின்றிருந்தேன். நம் பள்ளிச் சேவகர் பெருமாள் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"எங்க சார் போறீங்க? கிரேஸ் டீச்சரம்மா விடிகாலைல பூட்டாங்க" என்றார்.

துக்கத்துக்கு முன்னால் எரிச்சல் வந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆள்மேல் ஆள் அனுப்பி, பிள்ளைகள் குமிழி ஊதும் தண்டு நேராக இருக்கவேண்டும், துளை அடைபட்டிருக்கக் கூடாது என்று என்னை இந்த வயதில் மரத்தடியில் நிற்கவைத்தவர் அவர்தான். அவருடன் வேலை பார்த்த உங்களுக்கு இது புரியும் என்று நம்புகிறேன்.

நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தது ஜெர்மன் சண்டை முடிந்த சமயம். இராயபுரம் பள்ளியில் அவர் ஒன்றாம் வகுப்பு எடுத்தார், நான் நான்காம் வகுப்பு. பேச்சு திக்கும் பிள்ளைகளையும் பேச்சே வராத பிள்ளைகளையும் சாயங்காலம் என் அறையில் உட்காரவைப்பார். பூந்திக்கொட்டை நுரையில் தண்டை விட்டுக் குமிழி ஊதுவார்கள். இலவம்பஞ்சை மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஊதித் தள்ளுவார்கள். மேலுதட்டில் தடவிய வெல்லப்பாகை நாக்கால் எட்டி நக்குவார்கள். மறுநாள் என் நாற்காலியில் எறும்பு. கேட்டால், "எறும்பு போயிடும் வாத்தியாரே, வந்த பேச்சு போகாது" என்பார்.

கன்னியம்மாள் அப்படி வந்தவள்தான். துறைமுகத்தில் கரி சுமந்த முனுசாமியின் மகள். காது நன்றாகக் கேட்கும். ஆறு வயதாகியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச்சு வரட்டும் என்று வெள்ளிதோறும் வீட்டில் வசம்பைச் சுட்டு இழைத்து அவள் நாக்கில் தேய்த்தார்கள். அதனால் யார் முகத்தருகே போனாலும் பல்லைக் கடித்துக்கொள்வாள். வெல்லத்தைக்கூட நெருங்கவிடவில்லை. நானும் முறைப்படி, "அம்மா சொல்லு, அப்பா சொல்லு" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அவ வாயை ஏன் ஆளாளுக்கு கதவு மாதிரி தட்டுறீங்க?" என்று கிரேஸ் அம்மாள் சீறினார். அன்றுமுதல் அந்த அறையில் 'சொல்லு' என்பதற்கே தடை.

முனுசாமிக்குப் பொறுமை போய்விட்டது. "ஆடி பொறக்கற வரிக்கும் பாப்பேன் டீச்சர். அப்பால இட்டுகினு பூடுவேன். வாய் தொறக்காத பொண்ணுக்கு இஸ்கோல் இன்னாத்துக்கு? வூட்ல தம்பியப் பாத்துகினு கெடக்கட்டும்."

கிரேஸ் அம்மாள் உடனே ஒரு கடை வைத்தார். பலகைமேல் கிளிஞ்சல், புளியங்கொட்டை, கொட்டாங்கச்சி. நான் கடைக்காரன். அவள் கிளிஞ்சலைக் காட்டினால் நான் வேறு எதையாவது கொடுக்கவேண்டும். என்னால் முடியவில்லை. கேட்டதைக் கொடுத்தே பழகிய கை. ஒவ்வொரு முறையும் கிளிஞ்சலுக்கே போனது.

"ஐயோ வாத்தியாரே! நீங்க சரியாவே குடுத்தா அவ எதுக்கு வாயைத் தொறக்கணும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனி கடைசி நாள் முனுசாமி வாசலில் நின்றார். "வா கண்ணு, பூடலாம்." கன்னியம்மாள் எழுந்திருக்காமல் கிளிஞ்சலைக் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு புளியங்கொட்டையை நீட்டினேன். தள்ளிவிட்டாள். கொட்டாங்கச்சியை நீட்டினேன். அதையும் தள்ளினாள். எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, அந்தக் கொட்டாங்கச்சியை என் வழுக்கைமேல் கவிழ்த்து, "இந்தாங்கம்மா, நல்ல கிளிஞ்சல்" என்றேன்.

அவள் காலைத் தரையில் உதைத்தாள். "அய்ய! அது இல்ல!"

முனுசாமி ஓடி வந்தார். "இன்னா கண்ணு? இன்னொரு வாட்டி சொல்லு!"

"'சொல்லு'ங்கற பேச்சு இங்க ஆகாது" என்று கிரேஸ் அம்மாள் அவரை மடக்கினார். "குந்து. நீயும் சாமான் கேளு."

கரி அப்பிய கையோடு அவர் பலகைமுன் உட்கார்ந்து புளியங்கொட்டையைக் காட்டினார். நான் கிளிஞ்சலைக் கொடுத்தேன். எங்கள் இருவரையும் பார்த்து அவள் இன்னும் உரக்கக் கத்தினாள்.

ஆடி முதல் நாள் கன்னியம்மாள் பள்ளிக்கு வந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் வசம்பு இழைக்கவில்லை.

கிரேஸ் அம்மாளின் பொறுமையோ சாமர்த்தியமோ எனக்கு வரவில்லை. ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேசாத குழந்தை யாராவது வீட்டுக்கு வந்தால் நான் அதன் வாயைப் பார்ப்பதில்லை. மூக்குக்கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, பஞ்சாங்கம் படிப்பதுபோல எதிரே உட்கார்ந்திருக்கிறேன், அது என்னைத் திட்டும் வரையில்.