மாமாவின் மூன்றாவது பிரேக்

என் அக்கா கணவருக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. கற்றுக்கொள்ள வருபவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கடவுளை நினைப்பார்கள். பக்கத்து சீட்டில் மாமா தன் காலடியில் உள்ள இரண்டாவது பிரேக்கை நினைப்பார். ஊரில் பாதிப் பேர் உயிரோடு நடமாடுவது தன் வலது கால் போட்ட பிச்சை என்று அவரே சொல்லிக்கொள்வார். வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது. கிளட்சை விடத் தெரியாத ஒரு பேங்க் மேனேஜரிடம், "ஏன் சார், பாம்ப மிதிச்ச மாதிரி துள்றீங்க?" என்று கேட்டுவிட்டார். அந்த மனிதர் அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் ஆனது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஆனால் வாஷர் போன குழாய் மாதிரி ஆகிவிட்டார். இருமினால் சொட்டும், தும்மினால் சொட்டும், சிரித்தால் கேட்கவே வேண்டாம். பேட் வைத்துக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை. சீட்டில் பிளாஸ்டிக் ஷீட்டும் அதன்மேல் ஒரு துண்டும் விரித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். சிரிப்பை நிறுத்தினார், பேச்சையும் நிறுத்தினார். அந்த வாயால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இருந்தும் அவர் உம்மென்று உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

அக்கா அவரைப் பிசியோதெரபிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "முட்டி வலிக்குத்தானே பிசியோ? இதுக்குமா?" என்று கேட்டவர், உள்ளே தன் மகள் வயதில் ஒரு பெண் இருந்ததும் வந்த வழியே திரும்பப் பார்த்தார். அக்கா கதவை மறித்து நின்றாள்.

அந்தப் பெண் பஸ் வரும் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாள். "ஐயா, மூத்திரப் பையத் தாங்குற தசை கீழ இருக்கு. போய்க்கிட்டு இருக்கும்போது பாதியில அடக்குவோமே, அந்த மாதிரி உள்ள இழுங்க. கொஞ்ச நேரம் பிடிங்க, அப்புறம் விடுங்க. வண்டியில உக்காந்துக்கிட்டே பண்ணலாம். வெளிய யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாதாம்! மறுநாளே ஊருக்கெல்லாம் தெரிந்தது. மாமா உள்ளே இழுக்கும்போதெல்லாம் வலது காலும் சேர்ந்து அழுத்தியது. இத்தனை வருடப் பழக்கத்தில், உடம்பில் எதை இறுக்கினாலும் அவர் கால் பிரேக்குக்குத்தான் போகும். காலி ரோட்டில் வண்டி குலுங்கி நிற்கும். ஏன் சார் என்று கேட்டால், "நாய்" என்பார். கண்ணுக்கெட்டிய தூரம் நாயே இருக்காது. நானும் அப்போது அவரிடம்தான் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்தவர்களின் வசவு முழுவதும் எனக்குத்தான் விழுந்தது.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. "அண்ணே, அடுத்த மாசம் நானே பின்னாடி உக்காந்து வரேன். அப்பவும் இப்படின்னா, நீங்க ஆபீஸ்ல உக்காந்து போன் எடுங்க" என்றார். மாமாவை ஆபீஸில் உட்கார வைப்பதற்குப் பதில் உயிரோடு புதைத்துவிடலாம்.

மறுபடியும் பிசியோ. அந்தப் பெண் அவரைப் படுக்க வைத்து, தொடையையும் வயிற்றையும் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"தொடை கல்லு மாதிரி இருக்கு, வயிறு இறுகிப் போச்சு, மூச்சே விட மாட்டேங்கிறீங்க. வேலை செய்ய வேண்டியது மட்டும் சும்மா கெடக்கு. கால் அசையவே கூடாது. பேசிக்கிட்டே பண்ணுங்க, மூச்சு தானா வரும். இருமுறதுக்கு முன்னாடியும் பிரேக் அடிக்கிறதுக்கு முன்னாடியும் இத இழுத்துப் பிடிங்க."

வீட்டில் அக்கா அவர் வலது காலடியில் பேரனின் கீச்சு பொம்மையை வைத்தாள். பொம்மை கத்தினால் டீ கிடையாது. பேசச் சொல்லி அவருக்கு யாராவது கற்றுத்தர வேண்டுமா? என்னை எதிரே உட்காரவைத்து, நான் கியர் போடும் அழகைத் திட்டிக்கொண்டே பயிற்சி செய்தார். முதல் வாரம் டீயே குடிக்கவில்லை. அப்புறம் மெல்ல மெல்லப் பொம்மை அடங்கியது. "ஓட்டுறவன் பிரேக் ஒன்னு, என் பிரேக் ரெண்டு, இது மூணாவது" என்று அக்காவிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

முதலாளி வந்து பின் சீட்டில் ஏறிய அன்று ஸ்டியரிங் என் கையில். பாதி தூரம் வரை வண்டி ஒழுங்காகப் போனது. திடீரென்று ஒரு சந்திலிருந்து தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்தது. நான் பதறிப்போய் ஆக்சிலேட்டரை மிதித்தேன். மாமா அடித்த பிரேக்கில் லாரிக்கு ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது.

முதலாளி இறங்கி ஓடி, பம்பரைத் தடவிப் பார்த்தார். மாமாவும் இறங்கினார். நடுரோட்டில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"டேய், பின்னாடி பாரு."

"காஞ்சு கெடக்கு மாமா."

நம்பவில்லை. சீட்டில் கிடந்த துண்டை எடுத்து முகர்ந்தே பார்த்துவிட்டார். பிறகு பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எத்தனையோ மாதமாக நான் கேட்காத சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாளி எங்கள் இருவருக்கும் பைத்தியம் என்று முடிவு செய்தவர் போல நின்றார்.

சிரித்து முடித்ததும் மாமா குனிந்து தன் பேண்ட்டைப் பார்த்தார். முன்பக்கம் சின்னதாக ஓர் ஈரப் பொட்டு. அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அது சிரிச்சதுக்குடா. இருந்துட்டுப் போகட்டும்."