கூடையில் நான் வரைந்த பேத்தை மீன்

1. புத்தகத்தோடு வந்தவர்

காட்டூரிலிருந்து ஒரு விவசாயி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் நான் படம் போட்ட இரண்டாம் வகுப்பு வாசிப்புப் புத்தகம். மீன் பாடத்தை விரித்து மேஜைமேல் வைத்தார். சத்தம் போடவில்லை.

"இந்தப் படம் போட்டது யாரு?"

"நான்தான்."

"இதப் பாத்துதான் என் பொண்டாட்டி கொழம்பு வச்சா. செத்துப் போய்ட்டா."

அவர் விரல் வைத்த இடத்தில் பேத்தை மீன் இருந்தது. தொட்டால் வயிறு ஊதிப் பந்தாகிவிடும் மீன். விஷம். பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்த எவரும் அதைத் தின்னமாட்டார்கள்.

நடந்ததை அவரே சொன்னார். குடும்பத்தோடு பழவேற்காடு வந்திருக்கிறார்கள். கரை மணலில் கிடந்த மீன்களை மகள் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டில் தாய், "இன்னா மீனுடி இது, திங்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். மகள் புத்தகத்தைத் திறந்து, "தோ, கூடையில இருக்குது பாரும்மா" என்றிருக்கிறாள். மற்றவர்களுக்குப் போடுமுன் ருசி பார்க்க இரண்டு துண்டு வாயில் போட்டாள் தாய். உதடு மரத்தது, நாக்கு மரத்தது, மூச்சு நின்றது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

2. சிங்கிள் கலர்

இப்போது பாடப்புத்தக வேலைக்கு வருகிற பிள்ளைகள் வேண்டிய படத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொள்கிறார்கள். நான் வந்த புதிதில் எல்லாம் பிளாக்தான், உலோகத்தில் செதுக்கிய பட அச்சு. அச்சகத்தில் ஒரே ஒரு பசுமாட்டு பிளாக் இருக்கும். பால் பாடத்துக்கும் அதே மாடு, பொங்கல் பாடத்துக்கும் அதே மாடு. ஏரிப் பக்கத்துப் பிள்ளைகள் ஆப்பிளையும் ரயிலையும் பார்த்து எழுத்துக் கூட்டினார்கள். வரைந்ததை அப்படியே அச்சடிக்கும் ஆஃப்செட் வந்த பிறகுதான் எங்கள் தொண்டு நிறுவனம், ஏரிப் பிள்ளைகளுக்கு ஏரிப் படத்தோடு ஒரு புத்தகம் போடலாம் என்று துணிந்தது. படம் முழுக்க என் பொறுப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மீன் பாடத்துக்குக் கரையில் ஒரு கூடை வரைந்தேன். சிங்கிள் கலரில், வெறும் கறுப்பு மையில், மடவையும் பால்கெண்டையும் ஒன்றுபோலவே விழுந்தன. மேலதிகாரி மாதிரிப் பிரதியான டம்மியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இன்னா பாய், எல்லாம் ஒரே மீனாட்டம் இருக்குது? வேற மாதிரி ஒண்ணு போடுங்க."

உருண்டையாக ஒன்று வேண்டும். பேத்தையைப் போட்டேன்.

ப்ரூஃபை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை மீனவர் ஊரான தோணிரேவு போனேன். ஏகாம்பரம் என்ற மீனவர்தான் எங்களுக்குப் படம் பார்த்துச் சொல்பவர். பார்த்ததும் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அட, நம்ம கூடையேதான்பா! பேத்தையக்கூட வுடல பாரேன்!"

வலையை உதறி அள்ளிய கூடை அது. இனிமேல்தான் உட்கார்ந்து பிரிப்பார்கள், பேத்தையை மணலில் வீசுவார்கள். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் இருவரும் சொல்லவில்லை. ஆனால் காட்டூர் மாதிரி நெல் விளைகிற ஊரில் கூடை மீன் என்றால் அது குழம்புக்கு வருகிற மீன். மிஞ்சிய பிரதிகளைக் காட்டூர்ப் பக்கப் பள்ளிகளுக்கும் அனுப்பினார்கள். அதுவும் எனக்குத் தெரிந்துதான் நடந்தது. நம்ம படம் நாலு ஊருக்குப் போகிறதே என்று பூரித்துப் போயிருந்தேன், மடையன்!

3. காட்டூர்

அந்த மனிதர் போனதும் மேலதிகாரி கதவைச் சாத்தினார்.

"சமைச்சுத் தின்னுனு புக்குல எங்க போட்டிருக்குது? நீங்க எதையும் ஒத்துக்காதீங்க பாய்."

"ஒரு உசுரு போயிருக்குது சார்! வாய மூடிக்கினு எப்டி இருக்கிறது?" என்று கத்திவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. மறுநாள் பிளேடோடு பஸ் ஏறி, பள்ளி பள்ளியாகப் போய் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்தேன். கடைசியாகக் காட்டூரில் அந்த வீட்டுக்குப் போனேன்.

அந்தச் சிறுமி வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் யார் என்று சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான்தான் அம்மாகிட்ட காட்னேன்" என்றாள்.

"உம்மேல தப்பு இல்லம்மா. படம் தப்பு. அது நான் போட்டது."

"அது விஷம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா."

"அப்ப ஏன் போட்டீங்க?"

அவள் அப்பா வந்து, "போய்ட்டு வாங்க" என்றார்.

படம் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பொருளை அறிந்தவரிடம் படத்தைக் காட்டினால் பாராட்டு கிடைக்கும், அவ்வளவுதான். அதைக் கண்ணால் பார்த்திராத ஒரு பிள்ளையிடம் கொடுத்து, இதில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை சொல்வதுதான் நீங்கள் வரைந்த படம். அதற்குப் பிறகு அப்படிக் கேட்காமல் நான் எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. ஆனால் இந்தப் புத்தி எனக்கு வருவதற்கு ஒரு பிள்ளை தன் தாயைக் கொடுக்க வேண்டியிருந்தது.